பெரிய டீச்சர் கற்றுக்கொண்ட கிரிக்கெட்

எங்கள் பெரிய டீச்சர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது குரல் இறங்காது, முகம் சுருங்காது. மணி எத்தனை என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொல்வார். கேட்டவர் அதிகாரியாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே மாதிரிதான். சொன்ன கையோடு, "உங்களுக்குத் தெரியுமுங்களா? சித்த சொல்லுங்க" என்று எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வையிலிருந்து தப்பித்துப் போக முடியாது.

திருச்செங்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஊர் அது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் சேர்த்து முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை என்பதால் அவர் பெரிய டீச்சர். நான் வெறும் சார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. இரண்டு பஸ் மாறித் தினமும் வருவேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே, கல்லூரியில் மூன்று வருஷம் கிரிக்கெட் அணியில் ஆடியவன் என்பதை அவர் கேட்காமலே சொன்னேன்.

"அப்படிங்களா? நெம்ப சந்தோசம். எனக்கு அந்த வெளையாட்டு ஒண்ணுமே தெரியாதுங்க சார்" என்றார்.

ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷமே இருந்த வயது அவருக்கு. குள்ளமான உருவம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவார். வகுப்பறைக் கரும்பலகையில் வலது ஓரமாக ஒரு கட்டம் போட்டிருந்தார். 'டீச்சர் இன்னைக்குக் கத்துக்கிட்டது' என்று மேலே எழுதியிருக்கும். கீழே, "கோழிக்குஞ்சுக்கு எங்கே ஊசி போடுவாங்க - கனிஷ்கா, 2ஆம் வகுப்பு" என்பதுபோல் ஏதாவது இருக்கும். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பாதிப்பேர், மற்றவர்கள் பெரும்பாலும் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் ஒரு தலைமை ஆசிரியை அதை எழுதிப் போட வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். இவருக்கு எப்படி இந்தப் பதவி கொடுத்தார்கள் என்றுகூட முதல் மாதத்தில் நினைத்திருக்கிறேன்.

அந்த எண்ணம் ஆட்டம் கண்டது ஒரு கூட்டத்தில். ஒன்றியத்து ஆசிரியர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புதிய மதிப்பீட்டு முறை பற்றி ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். எல்லார் கையிலும் சுற்றறிக்கை நகல். கடைசியில், "எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?" என்றார். புரிந்தது என்று முப்பத்தொன்பது தலை ஆடியது. என் தலையும்தான்.

பெரிய டீச்சர் எழுந்தார். "எனக்குப் புரியலீங்க சார். மூணாவது பக்கத்துல இருந்தே புரியலீங்க."

எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அதிகாரி கொஞ்சம் எரிச்சலோடு மூன்றாம் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். நான்காம் பக்கத்துக்குப் போனார். திரும்ப மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். பிறகு யாருக்கோ போன் செய்தார். நகல் எடுத்தபோது நடுவில் ஒரு தாள் விடுபட்டுப்போயிருந்தது. இல்லாத தாளையும் சேர்த்துப் புரிந்துகொண்டு மற்ற அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடமே கேட்டேன். "எப்படிங்க டீச்சர் அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சுச் சொன்னீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "நான் மொதமொதல்ல வேலைக்குச் சேந்தது ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடமுங்க சார். மூணாவது படிக்கிற ஒரு புள்ளை வந்து, டீச்சர், பகல்ல நெலா தெரியுது, எதனாலன்னு கேட்டா. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அது நெலா இல்ல, மேகம், போய் உக்காருன்னுட்டேன். மத்த புள்ளைங்க எல்லாம் அவளைப் பாத்துச் சிரிச்சுதுங்க. அந்த வருசம் முழுக்க அவ என்கிட்ட ஒரு கேள்வி கேக்கலீங்க."

அதற்குள் ஊர் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கினோம்.

ஆகஸ்டு மாதம் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வந்தது. ஒரு சாக்கு மூட்டைக்குள் வளையங்கள், கயிறுகள், அவற்றோடு இரண்டு சிறிய பிளாஸ்டிக் பேட், மூன்று டென்னிஸ் பந்து, ஒரு செட் ஸ்டம்ப். பெரிய டீச்சர் பேட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "நீங்க ஆடுனவருங்க. பெரிய கிளாஸ் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க சார்."

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள். ஆண் நான்கு, பெண் நான்கு. மூன்றரை மணிக்கு வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு மூன்று பந்து போட்டேன். நான்கு பேர் அடித்தார்கள். அதில் கவின் என்று ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு, மூன்றையும் மதிலுக்கு வெளியே சோளக்காட்டுக்குள் அனுப்பினான். மற்ற நான்கு பேருக்குப் படவே இல்லை. ரித்திகா என்ற பெண் பந்து கிளம்பிய உடனே இரண்டு கண்ணையும் இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேட் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பழகிய வழி எனக்குத் தெரியும். அடிக்கிற நான்கு பேரை மட்டும் தயார் செய்தேன். "நீங்க நாலு பேரும் பந்தை எடுத்துப் போடுங்க" என்றேன் மற்றவர்களிடம். ஒரு வாரத்தில் அவர்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பந்து அந்தப் பக்கம் வந்தால் மட்டும் எழுந்துபோய் எடுத்துப் போடுவார்கள்.

ஒரு நாள் பெரிய டீச்சர் நோட்டுக் கட்டோடு வெளியே வந்தார். மரத்தடியைப் பார்த்தார்.

"சார், இவங்க ஏன் உக்காந்திருக்காங்க?"

"அவங்களுக்கு வரலீங்க டீச்சர்."

"எனக்கும் வராதுங்க. நானும் இங்கயே உக்காந்துக்கறேன்."

சொன்னபடியே செருப்பைக் கழற்றிவிட்டு ரித்திகாவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் என்னால் பந்து போட முடியவில்லை. "டீச்சர், நீங்க வேணும்னா வந்து ஒரு பந்து அடிச்சுப் பாருங்க" என்றேன். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

உடனே எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். குடத்தைத் தூக்குகிறவர்போல இரண்டு கையாலும் பேட்டைப் பிடித்து ஸ்டம்புக்கு முன்னால் நின்றார். மெதுவாகத்தான் போட்டேன். பந்து போன பிறகு பேட் வந்தது. அடுத்த பந்துக்குப் பந்து வருவதற்கு முன்பே பேட் போயிற்று. பதினோரு பந்து. ஒன்றும் படவில்லை. முதலில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் பொத்தாமலே சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"டீச்சர், முழங்கையை மேல தூக்கி, பேக்லிஃப்ட்டை நேரா கொண்டுவரணும்" என்றேன்.

"அப்படின்னா என்னங்க?"

விளக்கினேன். எனக்கே விளங்கவில்லை. அவர் கவினைக் கூப்பிட்டார். "சாமி, நீ எப்படி அடிக்கறே?"

"சும்மா அடிப்பேங்க டீச்சர்."

"சும்மான்னா எப்படி? மொதல்ல என்ன பண்றே?"

கவின் பேட்டை வாங்கி, இல்லாத பந்தை மெதுவாக அடித்துப் பார்த்தான். இன்னொரு தடவை அடித்தான். "மொதல்ல காலை நவுத்தறேங்க டீச்சர்" என்றான். இத்தனை நாள் தான் அதைச் செய்துகொண்டிருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எந்தக் காலை?"

"முன்னாடி இருக்கற காலைங்க."

"எதுக்கு நவுத்தறே?"

"பந்துக்குக் கிட்டப் போறதுக்குங்க."

பெரிய டீச்சர் காலை நகர்த்தினார். நான் பந்து போட்டேன். படவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மரத்தடியிலிருந்த நான்கு பேரும் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் குனியோணும் டீச்சர்." "கையை இறுக்கிப் புடிக்காதீங்க." ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஏன் என்று கேட்டார். சொன்ன பிள்ளை யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பந்தைப் பாருங்க டீச்சர்" என்றாள் ரித்திகா.

"பாக்கறேன் சாமி. எதுவரைக்கும் பாக்கோணும்?"

ரித்திகா பேட்டைத் தொட்டுக் காட்டினாள். "பேட்டுல படற வரைக்குமுங்க."

"அப்ப நீ ஏன் கண்ணை மூடிக்கறே?"

"எனக்குப் பயமுங்க டீச்சர். மூஞ்சிக்கு வாற மாதிரி இருக்குதுங்க."

"எனக்கும் அப்படித்தான் இருக்குது. நாம ரெண்டு பேரும் என்ன பண்ணலாம், சொல்லு?"

ரித்திகா அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும் நேரே அவரிடம் வந்தாள். "பந்து வராம நின்னுச்சுன்னா அடிச்சுப் போடுவேங்க டீச்சர்."

பந்தை எப்படி நிற்கவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. செங்கல்லின் மேல் வைத்தோம், உருண்டு போனது. டம்ளரில் வைத்தோம், டம்ளரும் சேர்ந்து பறந்தது. வழி கண்டுபிடித்தது ரித்திகாவின் அப்பா. அவர் போர்வெல் லாரியில் டிரில்லர். எட்டு மாதம் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பார், மழைக்காலத்தில் ஊருக்கு வருவார். போர் மோட்டாருக்கு இறக்குகிற பைப்பில் முழங்காலுக்குமேல் உயரத்துக்கு ஒரு துண்டை வெட்டி, பெயிண்ட் டப்பாவில் மண்ணை இறுக்கி அதில் நட்டு, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்து அதன் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஊட்டுல சும்மா கெடந்துதுங்க டீச்சர்" என்றார். போகாமல் மதில் ஓரமாக நின்றார்.

முதலில் பெரிய டீச்சர் அடித்தார். பந்து போயிற்று. அடுத்தது ரித்திகா. நின்ற பந்தைக் கண் கொட்டாமல் பார்த்து அடித்தாள். பந்து கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போனது. அவள் பேட்டைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், மதில் ஓரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் மீசையைத் துடைத்துக்கொள்வதுபோல வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பிறகு நடந்ததை நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை பெரிய டீச்சர் எட்டுப் பேரையும் உட்காரவைத்து, "இதை அடிச்சுட்டோம். அடுத்து என்ன பண்ணலாம்?" என்று கேட்பார். உருட்டிவிடலாம் என்றார்கள். தரையோடு உருட்டிய பந்தை ஒரு வாரம் அடித்தார்கள். தரையில் ஒரு குத்து குத்திப் போடலாம் என்றார்கள். பக்கத்தில் நின்று போட்டுவிட்டு, தினமும் ஓர் அடி பின்னால் தள்ளிப் போனார்கள். பந்து போடுவதையும் பிடிப்பதையும் இதே மாதிரி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்கு லேசில் வராது. அதனால் ஒன்றையே இருபது விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் கைவந்தது. சிலசமயம் என்னிடம் வந்து, "பந்து ஏன் சார் குத்துனதுக்கப்புறம் திரும்புது?" என்பார்கள். முதல் தடவை, "எனக்குத் தெரியல, தேடிப் பாத்துச் சொல்றேன்" என்று சொன்னபோது காது சூடாகிவிட்டது. அவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. மெயின் ரோட்டில் இருந்த பெரிய தனியார் பள்ளி ஒன்று தன் ஆண்டு விழாவுக்காகச் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் போட்டி நடத்துகிறது. நான்கு அணிகள். அணிக்கு எட்டுப் பேர். ஆறு ஓவர்.

நான் வேண்டாம் என்றேன். "நம்மகிட்ட இருக்கறதே எட்டுப் பேருங்க டீச்சர். அவங்க நூறு பேர்ல எட்டுப் பேரை எடுப்பாங்க. ஷூ, யூனிஃபார்ம், கோச் எல்லாம் இருக்கும். தோத்துப் போவோம்."

"தோத்தா என்னங்க ஆகும்?"

"மானம் போயிடும்."

"யார் மானமுங்க சார்?"

அவர் பிள்ளைகளிடம் போய்க் கேட்டார். எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். ரித்திகா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை. பண்ணையில் கோழித்தீவன வேன் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார்கள், அதில் போய் இறங்கினோம். பச்சைப் புல் முளைத்த மைதானம், நிழலுக்குப் பந்தல், மைக் செட். எங்கள் பிள்ளைகள் பள்ளிச் சீருடையிலேயே இருந்தார்கள். இரண்டு பேர் காலில் செருப்புகூட இல்லை, வெறுங்காலில்தான் ஓட வரும் என்று கழற்றிவைத்துவிட்டார்கள்.

காலை ஆட்டத்தில் ஜெயித்தோம். அதில்தான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற அணிகளில் பிள்ளைகள் வெளியே நிற்கும் கோச்சைப் பார்த்துப் பார்த்து ஆடினார்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். "அவன் காலை நவுத்தலை, நேரா போடு." "இவ லெஃப்ட்டுலதான் அடிப்பா, அங்க போய் நில்லு." ஆறு மாதமாகப் பெரிய டீச்சருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மதியம் இறுதி ஆட்டம், போட்டி நடத்துகிற பள்ளியோடு. அவர்கள் முதலில் ஆடி முப்பத்தெட்டு ரன் எடுத்தார்கள். நாங்கள் முப்பத்தொன்பது எடுக்க வேண்டும். கவின் ஒரு பக்கம் நின்று அடித்துக்கொண்டே இருந்தான். மறுபக்கம் ஐந்து பேர் வந்து போனார்கள். ஆறாவதாக ரித்திகா இறங்கினாள். இரண்டு பந்து மீதம் இருந்தபோது முப்பத்தாறு. அடிக்க வேண்டியது ரித்திகா.

அவள் தட்டிய பந்து அதிக தூரம் போகவில்லை. கவின் "வா வா" என்று கத்திக்கொண்டே ஓடினான். ஒரு ரன் முடிந்தது. இன்னொன்றுக்குத் திரும்பினார்கள். பந்து கீப்பரிடம் வந்தது, ரித்திகா பேட்டை நீட்டிக்கொண்டு விழுந்தாள், ஸ்டம்ப் சாய்ந்தது. அம்பயர் விரலைத் தூக்கினார்.

எங்கள் பக்கத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்டம்பைத் தட்டியபோது கீப்பரின் கையில் பந்து இல்லை. நான் உள்ளே ஓடினேன். "சார், அது எப்படி அவுட்? பாக்கவே இல்லையா நீங்க?" என்று கத்தினேன். அம்பயராக இருந்தவர் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரே அம்பயர்தான், பந்து போடுகிற பக்கம் நின்றிருந்தார், கீப்பரின் உடம்பு மறைத்திருக்கும். ஆனால் நான் கத்தக் கத்த அவர் முகம் இறுகியது. "டிசிஷன் குடுத்தாச்சு. வெளிய போங்க" என்றார். பந்தலிலிருந்து பெற்றோர்கள் எழுந்து நின்றார்கள். ரித்திகா மண்ணிலிருந்து எழுந்து வெளியே நடக்க ஆரம்பித்தாள்.

"உள்ள வரலாமுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டார். அம்பயர் தலையாட்டினார். மெதுவாக நடந்து வந்தார்.

"சார், எனக்கு இந்த வெளையாட்டு சரியாத் தெரியாதுங்க. அதுதான் கேக்கறேன். ஸ்டம்ப் உழுந்தாலே அவுட்டுங்களா?"

"கையில பந்து இருக்கணுங்க மேடம். பந்தோட தட்டுனாத்தான் அவுட்."

"சரிங்க. இப்ப பந்து எங்கீங்க இருந்துச்சு?"

அம்பயர் வாயைத் திறந்தார். பிறகு, "நான் நிக்கற எடத்துல இருந்து..." என்று நிறுத்திக்கொண்டார்.

பெரிய டீச்சர் கீப்பரிடம் திரும்பினார். ஒன்பது பத்து வயதுப் பையன், முழங்கால் வரை காப்பு கட்டியிருந்தான். அவன் முன்னால் குனிந்தார்.

"சாமி, எனக்கு வெளங்கல. நீதான் கிட்ட இருந்தவன். பந்து எங்க இருந்துச்சு?"

பையன் தன் கோச்சைப் பார்த்தான். பந்தலைப் பார்த்தான். பெரிய டீச்சர் அவசரப்படவில்லை. நெற்றிக்கு ஏறியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பகல் நிலாவைப் பற்றிக் கேட்கிற பிள்ளையைப்போல, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு அவன் முகத்தையே பார்த்தார்.

"கீழ விழுந்துடுச்சு டீச்சர்" என்றான் அவன். "அதுக்கப்புறம்தான் ஸ்டம்ப்ல கை பட்டுச்சு."

அம்பயர் அவனிடம் வந்து தோளில் கை வைத்தார். பிறகு பந்தலைப் பார்த்து இரண்டு கையையும் மார்பின் குறுக்கே மடக்கி, "நாட் அவுட். இரண்டு ரன்" என்று உரக்கச் சொன்னார். முதலில் கை தட்டியது அந்தப் பையனின் அம்மா என்று பிறகு தெரிந்தது.

முப்பத்தெட்டு. ஒரு பந்து. ஒரு ரன்.

ரித்திகா திரும்பி வந்து நின்றாள். முழங்கையில் சிராய்ப்பு, பாவாடையெல்லாம் மண். பந்து போடுகிற பையன் உயரமானவன், வேகமாகப் போடுகிறவன். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் ஓடி வந்தான். பந்து கையை விட்டது, தரையில் குத்தியது, எழும்பியது. அவள் கண் மூடவில்லை. முன்காலை நகர்த்தினாள். பேட் பட்ட சத்தம் கேட்கிற வரைக்கும் அந்தக் கண்கள் திறந்தே இருந்தன. பந்து அவன் தலைக்கு மேலே போய், அங்கே ஒருவரும் இல்லாத இடத்தில் விழுந்து, கோட்டைத் தாண்டி ஓடியது.

யார் யாரைத் தூக்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கவின் என் முதுகில் இருந்தான். பெரிய டீச்சர், "முடிஞ்சுதுங்களா? நாம ஜெயிச்சுட்டமுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரிசு கொடுக்கும்போது விருந்தினர் மைக்கில், "இந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தது யாருங்க?" என்றார்.

"எங்க சாருங்க" என்று பெரிய டீச்சர் என்னை முன்னால் தள்ளினார்.

மைக் என் கைக்கு வந்தது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "நான் நாலு பேருக்குத்தாங்க சொல்லிக்கொடுத்தேன். மீதி நாலு பேரை வராதுன்னு உக்காரவச்சுட்டேன். கடைசிப் பந்தை அடிச்சது அந்த நாலு பேர்ல ஒருத்தி. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது எங்க பெரிய டீச்சர்" என்றேன்.

"இல்லீங்க" என்றாள் ரித்திகா. மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. "டீச்சருக்கு நாங்கதானுங்க சொல்லிக்குடுத்தோம்."

பந்தலே சிரித்தது. பெரிய டீச்சர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். "ஆமாங்க, புள்ளை சொல்றது நெசந்தானுங்க" என்றார்.

வேன் ஊருக்குள் நுழைந்தபோது மணி நாலரை இருக்கும். எட்டுப் பேரும் கோப்பையோடு முன்னால் இறங்கிக் கத்திக்கொண்டே தெருவில் ஓடினார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையிலிருந்து இரவு வரைக்கும் அந்தச் சத்தம் நிற்காது, பகலில் தறி நிற்கிறது என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் போகப் போக முதல் வீட்டில் தறி நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. எதிர் வரிசையில் நின்றது. தலையில் பஞ்சோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னங்க டீச்சர், ஜெயிச்சுட்டாங்களா? எப்படீங்க ஜெயிச்சாங்க?" என்று ஒரு பெண் பெரிய டீச்சரிடம் கேட்டார்.

"எனக்கு அவ்வளவு சரியாச் சொல்ல வராதுங்க. ரித்திகாவைக் கேளுங்க" என்றார் பெரிய டீச்சர்.

தெரு நடுவில் ரித்திகாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கோப்பையைக் கவினிடம் கொடுத்துவிட்டு, காலையில் வேன் கிளம்பியதிலிருந்து ஆரம்பித்தாள். எந்தக் காலை நகர்த்தினாள், எங்கே விழுந்தாள், கீப்பர் பையன் என்ன சொன்னான், ஒன்றையும் விடவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால் நின்று விளக்கினாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.